எச்செம் எதுவும் சாப்பிடவில்லை

14.9.2025, ஞாயிறு

நாளை மறுநாள் வேதியியல் தேர்வு. படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். எச்செம்மும் பின்னாலேயே வந்து, நான் புத்தகத்தை விரித்ததும் மல்லாந்து படுத்துவிட்டாள். வயிற்றைச் சொறி என்று உத்தரவு.

(பின்னாளில் நான் பெரிய ஆளாகி, யாராவது இதைத் திருடிப் படித்தால் குழம்பக் கூடாது. எச்செம் எங்கள் நாய். குட்டியாக வந்த முதல் வாரமே வாசலில் உட்கார்ந்து, லேட்டாக வருகிறவர்களை எல்லாம் மேலும் கீழும் பார்த்தாள். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த அக்கா, "அப்பிடியே எங்க எச்செம்முட்டி" என்றாள். பள்ளித் தலைமையாசிரியையைத்தான் சொன்னாள். பேர் நின்றுவிட்டது. யாராவது இனம் கேட்டால் நான் ராஜபாளையம் என்பேன். பொய் இல்லை. ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பிறந்தவள்தானே.)

சொறிந்துகொண்டே போனபோது கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் கையில் ஒன்று தட்டியது. நெல்லிக்காய் அளவு. உண்ணியாக இருக்கும் என்று பிடுங்கப் பார்த்தேன். எச்செம் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். கையை எடுத்துவிட்டேன்.

15.9.2025

உண்ணி இல்லை. உண்ணி என்றால் கால் இருக்கும். இதற்கு வேர் இருக்கிற மாதிரி இருக்கிறது.

17.9.2025, புதன்

அம்மாவிடம் சொன்னேன். தடவிப் பார்த்துவிட்டு, "சூட்டுக் கட்டிட்டி. வெந்நி ஒத்தடம் குடுத்தா போயிரும்" என்றாள். குடுத்தோம். போகவில்லை. எச்செம்தான் கட்டிலுக்கு அடியில் போனாள்.

அக்காவுக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூரில் போலீஸ் வேலைக்குப் போனதில் இருந்து கல்பனா அக்காவுக்கு அன்பாகப் பேசத் தெரியவில்லை, விசாரிக்கத்தான் தெரிகிறது. "எப்பப் பாத்த? எம்புட்டுப் பெருசு? தொட்டா கத்துதா? ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நான் வேணா வாக்குமூலமா எழுதிக் குடுத்துறட்டா?"

"சனிக்கிழமை டாக்டர் ஜோயல்ட்ட கூட்டிட்டுப் போ. விளையாடாத."

வைத்துவிட்டாள். ஒரு நிமிடம் கழித்து அவளே மறுபடி கூப்பிட்டாள். "போனை அவ காதுல வைட்டி." வைத்தேன். அக்கா என்ன சொன்னாளோ, எச்செம் போனை நக்கினாள்.

20.9.2025, சனி

ராஜபாளையத்தில் கால்நடை மருத்துவர் இல்லாமலா ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். முதல் ஊசி அங்கே போட்டோம், கைராசி நன்றாக இருந்தது. அவ்வளவுதான். சமுத்திரம் அண்ணன் ஆட்டோவில் போனோம். எச்செம் வெளியே தலையை நீட்டிக்கொண்டு வழியெல்லாம் கிருஷ்ணன்கோவில் போகிற பாதயாத்திரைக்காரர்களைக் கண்காணித்தாள்.

கிளினிக்கில் கூட்டம். உட்கார்ந்து காது கொடுத்தால் போதும், பொழுது போய்விடும். ஒருத்தர் தன் நாய்க்கு மூக்கு காய்ந்திருக்கிறது, காய்ச்சலா என்றார். தூங்கி எழுந்தால் காயும், அதை வைத்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பூனை வைத்திருந்த ஒரு பெண், நமக்குப் போடுகிற காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டதும் டாக்டருக்கு வந்ததே கோபம். "கால் கூட குடுக்காதீங்கம்மா, பூனை செத்துப் போவும்." அடுத்தவர் பால்கோவா கொடுக்கலாமா என்றார். "இந்த ஊர்ல கிளினிக் வச்ச நாள்ல இருந்து இந்தக் கேள்வி வராத நாளே இல்ல" என்றார் டாக்டர்.

எங்கள் முறை. டாக்டர் என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு என்னத்த முழுங்கிருச்சு?" என்றார். அது பழைய கதை. ஐந்தாம் வகுப்பில் அக்காவின் கம்மலை ஒளித்து வைத்துக்கொண்டு, எச்செம் விழுங்கிவிட்டாள் என்று அழுது இதே கிளினிக் வரைக்கும் எல்லாரையும் ஓட வைத்தவள் நான். டாக்டர் என் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். ஒரு ஜோடி கையுறையையும் ஒரு குச்சியையும் கொடுத்து, "ரெண்டு நாளைக்கு அது போற ஆயிய எல்லாம் நீதான் கிளறிப் பாக்கணும்" என்றார். அன்று மாலையே கம்மல் என் பென்சில் டப்பாவில் கிடைத்துவிட்டது.

இன்றைக்கு நான் ஜோக் எதுவும் வைத்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

தடவினார். அளந்தார். நெஞ்சைப் படம் எடுத்தார். மடியில் கட்டி. நுரையீரலுக்குப் போகவில்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகுதான் நல்லதா கெட்டதா என்று தெரியும்.

"எதனால டாக்டர் வந்துச்சு?" அம்மா.

"காரணம் ஒண்ணுன்னு சொல்ல முடியாதும்மா. சின்ன வயசுலயே கருத்தடை பண்ணியிருந்தா வர்றது கொறவு."

2018-இல் இதே மேசைக்கு முன்னால் நின்று, "பொட்டப்பிள்ள, ஒரு தடவயாச்சும் குட்டி போடட்டும் டாக்டர்" என்று சொன்னது அம்மாதான். எச்செம் இன்று வரை எந்த நாயையும் கிட்டேயே சேர்க்கவில்லை.

27-ஆம் தேதி ஆபரேஷன். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு மேல் சோறு கிடையாது, காலையில் தண்ணீரும் கிடையாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்றார்.

"அதெல்லாம் பாத்துக்கிடுவோம் டாக்டர். புரட்டாசி பூரா சனிக்கிழம நான் விரதம். எங்கூட அவளும் ஒரு நாளு இருக்கட்டும்."

வரும்போது ஆட்டோவில் நான் சொன்னேன், "இம்புட்டு நாளும் நான் போட்டதுதான் அறுவைன்னு சொன்னீங்க. இனி டாக்டர் போடப் போறாரு." சமுத்திரம் அண்ணன் மட்டும் சிரித்தார்.

23.9.2025, செவ்வாய்

எச்செம்மின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். நாளைக்கு இயற்பியல். இயற்பியலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

முதல் பக்கம், 2017. உரிமையாளர் பெயர் கல்பனா. இனம் என்ற இடத்தில் அக்கா 'ராஜபாளையம்' என்று எழுதியிருக்கிறாள். டாக்டர் அதை அடிக்காமல், பக்கத்தில் சின்னதாக 'ஊர்' என்று எழுதியிருக்கிறார்.

அன்றைக்கு ஆட்டோ எல்லாம் இல்லை. மீன்கூடையில் குட்டியை வைத்து, மேலே துண்டைப் போட்டு, அக்காவும் நானும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கூடையில் என்ன என்றார். "கத்தரிக்கா" என்றேன். மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் கத்தரிக்காய் குரைத்தது. அக்கா உடனே இருமினாள். கத்தரிக்காய் மறுபடி குரைத்தது, அக்கா மறுபடி இருமினாள். கண்டக்டர் எங்கள் பக்கத்தில் வந்து நின்று, "இந்தக் கத்தரிக்காய்க்கு இருமலு ஜாஸ்தியா இருக்கே, டாக்டர்ட்ட காட்டுங்கம்மா" என்றார். "அங்கதாண்ணே போறோம்" என்றாள் அக்கா. பஸ்ஸே சிரித்தது.

ஊசி போடும்போது கத்தினது குட்டி இல்லை. நான்.

2018, 2019, 2020, 2021. ஒவ்வொரு வருடமும் ஒரு ஸ்டிக்கர். 2020-இல் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனோம், எச்செம்மைத் தவிர. 2023 வரை அட்டையில் கையெழுத்து அக்காவுடையது. அதற்குப் பிறகு என்னுடையது. அக்கா பயிற்சிக்குப் போன வருடம் அது. எச்செம் ஒரு மாதம் வாசலில் உட்கார்ந்து, லேட்டாக வருகிற ஒரே ஒருத்திக்காகக் காத்திருந்தாள்.

ஒரு நாய் வருடம் ஏழு மனித வருடம் என்பார்கள். டாக்டர் அது சரியான கணக்கு இல்லை என்கிறார். சரியாக இருந்தால் அவளுக்கு இப்போது ஐம்பத்தாறு. ஓய்வு பெற இன்னும் நாள் இருக்கிறது.

25.9.2025

தேர்வு முடிந்தது. அக்காவுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுப்பு கிடைத்துவிட்டது. இரண்டே நாள்.

26.9.2025, வெள்ளி

அக்கா சாயங்காலம் வந்தாள். எச்செம் முதலில் ஓடிவரவில்லை. நடந்து போய், அக்காவின் பூட்ஸை மோந்து, ரொம்ப நேரம் யோசித்து, அதன் பிறகு அழுதாள். நாய் அழுமா என்று யாராவது கேட்டால் எங்கள் வாசலுக்கு வரட்டும்.

ஏழே முக்காலுக்குக் கடைசிச் சாப்பாடு. எட்டு மணிக்குத் தட்டை அக்கா பறிமுதல் செய்துவிட்டாள்.

27.9.2025, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அம்மா விடியலிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டாள். எச்செம்முக்காக நேர்ச்சை. மலையேறிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு நேராகக் கிளினிக்குக்கு வாரேன் என்று சொன்னாள். அக்காவும் நானும் எச்செம்மை ஆட்டோவில் கூட்டிப் போனோம். நாங்கள் போய்ச் செத்த நேரத்தில் அம்மாவும் வந்தாள். ஈரத்தலை, நெற்றியில் நாமம், கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

அக்கா படிவம் நிரப்ப உள்ளே போனாள். "ஏட்டி, போயி ஒரு தண்ணி பாட்டில் வாங்கிட்டு வா, தொண்ட காஞ்சு போச்சு" என்றாள் அம்மா. போனேன். வந்தேன். பொட்டலம் பிரிந்திருந்தது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எச்செம் உதட்டை நக்கிக்கொண்டிருந்தாள். மீசையில் ஒரு மஞ்சள் பருக்கை.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சிரித்தாள். ஒளிக்கிற சிரிப்பு இல்லை அது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கேட்டார், "காலையில ஏதாவது சாப்பிட்டாளா?"

"பச்சத் தண்ணி படல டாக்டர்" என்றாள் அம்மா. சத்தியமாகத்தான் சொன்னாள். அம்மாவின் விரதத்தில் பிரசாதம் சாப்பாடே கிடையாது. ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் இரண்டு கை புளியோதரை வாங்கித் தின்றுவிட்டு, "காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்பாள். நாங்கள் யாரும் அதைப் பொய் என்று நினைத்ததே இல்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த நொடியே. சொல்லவில்லை. ஏன்? அக்கா நாளைக்குப் போய்விடுவாள். இன்றைக்கு இல்லை என்றால் அக்கா பக்கத்தில் இல்லாமல்தான் ஆபரேஷன். ஒரு உருண்டைதானே? ஒரு உருண்டை என்ன செய்துவிடும்? எடை பார்த்தார்கள். முன்னங்காலில் முடியை மழித்தார்கள். எச்செம் என்னையே பார்த்தாள். ஊசியில் மருந்தை ஏற்றினார்கள்.

"டாக்டர், அவ சாப்பிட்டுருக்கா" என்றேன்.

"விளையாடாதட்டி" என்றாள் அக்கா.

"புளியோதரை. அம்மா குடுத்தா. இப்பத்தான்."

"பாண்டீஸ்வரி, அடி வாங்குவ. இங்க வந்துமா?"

டாக்டர் எச்செம்மின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் ஒரு துளசி இலை ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து மேசையில் வைத்தார். ஊசியைத் தட்டில் வைத்தார்.

அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "சாமி சோறு டாக்டர் அது. அவளுக்காக வேண்டி வாங்கினது. சாமி சோறு எப்பிடிக் கெடுதல் பண்ணும்?"

"சாமி குடுத்தாலும் வயித்துக்குள்ளதானம்மா போவுது" என்றார் டாக்டர். கோபமாக இல்லை. இன்றைக்கு முடியாது, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இனி திங்கட்கிழமைதான் மதுரையில் இருந்து வருவார் என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள், "எல்லாரு முன்னாடியும் என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டியேட்டி." எத்தனை பேரை நான் ஏமாற்றியிருக்கிறேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லி அம்மாவை அழ வைத்தேன்.

28.9.2025, ஞாயிறு

அக்கா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினாள். போலீஸ் பையை மாட்டிக்கொண்டு எச்செம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் காதை ரொம்ப நேரம் தடவினாள். எனக்குத் தெரியும், ஒருவேளை என்று நினைக்கிறாள். நானும் நினைத்தேன்.

பஸ் நிலையத்தில் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "ஊசி போடுறதுக்குள்ள சொன்னியே." அவ்வளவுதான் சொன்னாள்.

அம்மா என்னிடம் இன்னும் பேசவில்லை. தட்டு வருகிறது, சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

29.9.2025, திங்கள்

அம்மாவும் வந்தாள். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். அம்மா நிமிர்ந்து நின்று, "நாங்களும் குடுக்கல டாக்டர், சாமியும் குடுக்கல" என்றாள்.

பத்தே காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. அக்கா கால் மணிக்கு ஒரு தடவை போன் செய்தாள். "என்னாச்சு?" "கதவு அப்பிடியேதான் இருக்கு." "சரி." மறுபடி, "என்னாச்சு?" "கதவுட்ட கேட்டுச் சொல்லட்டா?" நான் அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன். அவள் அழுதாள்.

எதிர்ச் சுவரில் ஒரு நாய்க்குட்டிப் படம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதே பெஞ்சில்தான் அன்றைக்கு மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அக்காவின் தாவணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்போது என் கால் தரையைத் தொடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் ஜோயல் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "நல்லாருக்கா. கட்டிய முழுசா எடுத்தாச்சு. கர்ப்பப்பையும் எடுத்தாச்சு." பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார், "நடுவுல ஒரு தடவ குமட்டுனா. வயிறு காலியா இருந்ததுனால வெறும் நுரைதான் வந்துச்சு. சனிக்கிழமையா இருந்தா..."

அம்மா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

எச்செம் கண் விழித்து ஊளையிட்டது அக்காவுக்குப் போனிலேயே கேட்டது.

30.9.2025

இரவு முழுக்க அம்மா அவள் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை.

3.10.2025, வெள்ளி

கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டிவிட்டிருக்கிறார்கள், தையலை நக்காமல் இருக்க. எச்செம் அதோடு எல்லாக் கதவிலும் முட்டுகிறாள். தெருவில் இசக்கியம்மாள் அக்கா, "என்னட்டி, உங்க நாய்க்கு ஒலிபெருக்கி மாட்டியிருக்கீங்க?" என்றாள். "எச்செம்லா, காலை வணக்கக் கூட்டத்துல பேசணும்லா" என்றேன்.

உள்ளே இருந்து அம்மா சிரித்த சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

7.10.2025

அம்மா என்னிடம் பேசினாள். "பேனா இருந்தா குடு." அவ்வளவுதான்.

11.10.2025, சனி

தையல் பிரிக்கிற நாள். புரட்டாசிக் கடைசிச் சனி. அம்மா இன்றைக்கும் மலைக்குப் போய்விட்டு நேராகக் கிளினிக்குக்கு வந்தாள். கையில் டப்பா. நான் டப்பாவைப் பார்த்தேன். அம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தையல் பிரிந்தது. புனல் கழன்றது. கட்டியின் அறிக்கையும் வந்துவிட்டது. கெட்ட வகைதான், ஆனால் தொடக்கம். ஓரம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். 'இனிமேல் வராதா' என்று கேட்க நினைத்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் அவருக்கும் தெரியாது என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

டாக்டர் வழக்கம்போல, "சாப்பாடு எல்லாம் எப்பிடிம்மா?" என்றார்.

அம்மா இடுப்பில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். என் கணக்கு நோட்டில் கிழித்தது. எட்டாம் வகுப்போடு எழுதுவதை விட்ட கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கிறது. டாக்டர் வாய்விட்டுப் படித்தார்.

"வெள்ளி. காலை 6.10 எழுந்தாள். 6.30 மாத்திரை, துப்பினாள், மறுபடி கொடுத்தேன். 7 மணி இட்லி இரண்டு. 7.15 வடை கேட்டாள், கொடுக்கவில்லை. 7.20 கொடுத்தேன், பாதி, வெங்காயம் எடுத்துவிட்டு. 9 மணி ஒரு எறும்பை நக்கினாள்..."

டாக்டர் அதற்கு மேல் படிக்க முடியாமல் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. டப்பாவைத் திறந்து காட்டினாள். "தயிர்ச்சோறு டாக்டர். உறைப்பு இல்ல. குடுக்கலாமா?"

"குடுங்கம்மா. ஒரு உருண்டை."

அம்மா டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். "ஏட்டி. நீ குடு."

கொடுத்தேன். எச்செம் என் விரலையும் சேர்த்து நக்கினாள். அம்மா பேனாவை வாங்கி, தாளைச் சுவரில் வைத்து எழுதினாள்: சனி, 10.40, தயிர்ச்சோறு, ஒரு உருண்டை, பாண்டீஸ்வரி கொடுத்தாள்.

"ரெண்டும்மா" என்றேன்.

என்னை முறைத்தாள். பிறகு 'ஒரு' என்பதை அடித்துவிட்டு, 'இரண்டு' என்று எழுதினாள்.